படம் ஏன் மங்குகிறது?

பரண்மேலோ, பீரோவின் அடித்தட்டிலோ கறுப்பு நிறமான வீடியோ காசெட்டுகள் சில கிடப்பதை மாணவ நேயர்களிற் பலர் கண்டிருக்கலாம். ஒவ்வொன்றின் உள்ளேயும் 12.7 மில்லிமீட்டர் அகலமும், மூன்று மணி நேரக் காசெட்டாயின் சுமார் 250 மீட்டர் நீளமும் உள்ள காந்த நாடா சுருண்டிருக்கின்றது. பெற்றோரின் திருமணம், தாத்தாவின் சஷ்டியப்தபூர்த்தி, இன்று நம்மிடையே இல்லாத ஒருவரின் நடையும் குரலும் ஆகிய இவை பல குடும்பங்களுக்கு அந்த நாடாவைத் தவிர வேறெங்கும் இல்லை. நாடாவோ மூப்படைந்து வருகின்றது. அதனை ஓட்டும் வீடியோ காசெட் ரிக்கார்டரைக் கடைசியாகத் தயாரித்து வந்ததாக அறியப்பட்ட ஜப்பானியக் கம்பெனியான புனாய், 2016ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் அத்தொழிலை நிறுத்திவிட்டது. ஆகவே, இன்று ஒருவர் செய்யக்கூடியது, எங்கேனும் ஒரு பழைய ரிக்கார்டரைத் தேடிப் பிடித்து, வீட்டிலுள்ள புதிய டெலிவிஷன் பெட்டியோடு இணைத்துப் பார்ப்பதே. அவ்வாறு இணைக்கும்போது பத்தில் ஏழெட்டுத் தடவை படம் ஒழுங்காக வருவதில்லை. மங்கலாகவோ, நிறமின்றியோ, துள்ளியோ வரும். சில வேளைகளில் நீலத்திரை ஒன்றே தோன்றும். உடனே, "நாடா கெட்டுவிட்டது" என்று தீர்ப்புக் கூறிவிடுகிறார்கள். அத்தீர்ப்புப் பெரும்பாலும் அவசரத் தீர்ப்பு என்பதை விளக்குவதே என் நோக்கம்.

முதலில், நாடாவில் படம் எவ்வாறு உறைகின்றது என்பதைப் பார்ப்போம். நம் நாட்டு டெலிவிஷன் முறையில் ஒரு செகண்டில் 25 முழுப்படங்கள் செல்கின்றன; ஒவ்வொன்றும் 625 கோடுகளால் ஆனது. ஒற்றைக் கோடுகள் ஒரு முறையும் இரட்டைக் கோடுகள் ஒரு முறையுமாக இருமுறை வரைவதால், ஒரு செகண்டில் 50 அரைப்படங்கள் உண்டு. இத்தனை விவரத்தையும் காந்தத்தில் எழுதவேண்டுமெனில் நாடா மிக விரைவாக ஓடவேண்டும். அவ்வாறு ஓடினால் ஒரு காசெட் மிக விரைவில் தீர்ந்துவிடும். இச்சிக்கலுக்கு 1956ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஆம்பெக்ஸ் கம்பெனியார் கண்ட வழி, நாடாவை மெல்ல ஓடவிட்டு, எழுதும் காந்தத் தலைகளைச் சுழலவிடுவது. 1976இல் ஜப்பானில் ஜே.வி.சி. கம்பெனியார் வெளியிட்ட வி.எச்.எஸ். என்னும் வீட்டுக் கருவியிலும் அடிப்படை இதுவே. 62 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஓர் உருளை நிமிஷத்திற்கு 1,500 தடவை சுழல்கின்றது. அதன் விளிம்பில் எதிரெதிராக இரண்டு தலைகள் இருக்கின்றன. நாடா செகண்டுக்கு 23.39 மில்லிமீட்டர் என்ற ஆமை வேகத்தில் அதனைச் சாய்வாகச் சுற்றிச் செல்ல, ஒவ்வொரு தலையும் ஓர் அரைப்படத்தைச் சாய்ந்த ஒரு கோடாக அதன்மேல் எழுதுகின்றது. தலைக்கும் நாடாவுக்கும் இடையேயுள்ள வேகமோ செகண்டுக்கு ஏறத்தாழ 4.85 மீட்டர். அச்சாய்ந்த கோட்டின் அகலம் 49 மைக்ரான். அதாவது ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்குதான்.

இந்தக் கணக்கிலிருந்து ஒன்று தெரியவருகின்றது. திரையில் ஒரு கோடு வரையப்படும் நேரம், மறைவாகத் திரும்பும் நேரத்தையும் சேர்த்து, 64 மைக்ரோசெகண்டு. அதில் கண்ணுக்குத் தெரிவது 52. எண்பது சென்டிமீட்டர் அகலமான படத்தில் ஒரு மைக்ரோசெகண்டுப் பிழை என்பது ஒன்றரை சென்டிமீட்டர் விலகலாகும். நாடாவில் அதே மைக்ரோசெகண்டு எவ்வளவு தூரம்? ஐந்து மைக்ரானுக்கும் குறைவு! நாற்பது ஆண்டுகள் வெயிலும் குளிரும் கண்டு, சற்றே நீண்டும் சுருங்கியும் இருக்கும் ஒரு பிளாஸ்டிக் நாடா அவ்வளவு துல்லியமாக நடந்துகொள்ளுமா? நடந்துகொள்ளாது. நாடாவிலிருந்து வரும் படம் எப்போதும் சற்றே ஆடிக்கொண்டுதான் இருக்கும். பழைய கண்ணாடிக் குழாய் டெலிவிஷன்கள் அந்த ஆட்டத்தோடு தாமும் சேர்ந்து ஆடின. ஆதலின் பார்ப்பவருக்கு அது தெரியவில்லை. இன்றைய தட்டைத் திரைப் பெட்டியோ வரும் படத்தை முதலில் எண்களாக மாற்றுகின்றது. ஒவ்வொரு கோடும் குறித்த நேரத்தில் வந்து நிற்கவேண்டுமென்று அது எதிர்பார்க்கும். சிறிது தவறினாலும், "படமே இல்லை" என்று முடிவு செய்து நீலத்திரையைக் காட்டிவிடும். நாடாவில் படம் இருக்கின்றது. பெட்டிக்குத்தான் பொறுமை இல்லை.

இனிக் குறையைக் கண்டுபிடிக்கும் முறைக்கு வருவோம். படம் நாடாவில் தொடங்கி, ரிக்கார்டர் வழியாகக் கம்பியில் இறங்கி, டெலிவிஷனைச் சேர்கின்றது. குறை இந்நான்கில் எங்கே என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும். அதற்கு எந்த அளவுகருவியும் தேவையில்லை. பெரும்பாலான ரிக்கார்டர்கள், நாடா ஓடாதபோதும், தம் பெயர்ப்பட்டியலையோ கடிகாரத்தையோ எழுத்துகளாகத் திரையில் காட்டவல்லவை. அந்த எழுத்துகள் ரிக்கார்டரின் உள்ளேயே பிறப்பவை. நாடாவுக்கும் தலைகளுக்கும் அவற்றில் பங்கில்லை. அவை தெளிவாகத் தோன்றி, நாடாவின் படம் மட்டும் கெட்டிருந்தால், கம்பியையும் டெலிவிஷனையும் நாம் சந்தேகிக்க வேண்டியதில்லை. எழுத்துகளே மங்கியிருந்தாலோ, நாடாவின்மேல் பழிபோடுவது நியாயமன்று. அடுத்து, அதே கம்பியில் ஒரு டி.வி.டி. கருவியை இணைத்துப் பாருங்கள். அதன் படமும் கெட்டிருந்தால் குறை கம்பியிலோ டெலிவிஷனிலோ இருக்கவேண்டும். பிறகு வேறொரு காசெட்டைப் போடுங்கள். எந்தக் காசெட்டைப் போட்டாலும் ஒரே குறை தெரிந்தால் அது ரிக்கார்டரின் குறை. இந்தச் சோதனைகள் அனைத்தையும், போனால் போகட்டும் என்று விடக்கூடிய ஒரு பழைய சினிமாக் காசெட்டைக் கொண்டுதான் செய்யவேண்டும். வீட்டாரின் ஒரே பதிவைச் சோதனைப் பொருளாக்குவது கூடாது. நாடாவைத் தின்றுவிடும் ரிக்கார்டர்கள் உண்டு.

கல்லூரி மாணவர் ஒருவர் என்னிடம் வந்து சொன்னது நினைவுக்கு வருகின்றது. "ஐயா, எங்கள் பாட்டி பாடிய காசெட் ஒன்று இருக்கிறது. 1991இல் எடுத்தது. நிறம் முழுவதும் போய்விட்டது, கறுப்பு வெள்ளையாகத்தான் வருகிறது" என்றார். "படத்தின்மேல் மெல்லிய புள்ளிகள் வலை விரித்தாற்போல் தெரிகின்றனவா?" என்று கேட்டேன். "ஆமாம், உற்றுப் பார்த்தால் தெரிகின்றன" என்றார். அந்த ஒரு விடையே போதுமாயிருந்தது. நிறம் நாடாவிலிருந்து போகவில்லை. அந்தப் புள்ளி வலைதான் நிறம்!

இதற்குச் சற்று விளக்கம் வேண்டும். மஞ்சள் நிறச் செருகியில் வருவது வெளிச்சமும் நிறமும் ஒன்றாகக் கலந்த மின்னலை. நிறம் 4.43 மெகாஹெர்ட்ஸ் அளவில் துடிக்கும் ஒரு துணையலையின்மேல் ஏறி வருகின்றது. டெலிவிஷன் அதனைப் பிரித்தெடுத்து நிறமாக்க வேண்டும். இன்றைய பெட்டிகள் பலவற்றில், கலந்த அலைக்கான மஞ்சள் துளையும், பிரிந்த அலைகளுள் வெளிச்சத்திற்கான பச்சைத் துளையும் ஒன்றாகவே அமைந்திருக்கின்றன. பட்டியலில் தவறான வழியைத் தேர்ந்தால், வருவதெல்லாம் வெளிச்சமே என்று பெட்டி எடுத்துக்கொள்ளும். நிறத்தின் துணையலை புள்ளிகளாகச் சிதறித் திரையில் தெரியும். அம்மாணவர் வீடு சென்று 'ஏ.வி.' என்னும் வழியைத் தேர்ந்தார். பாட்டியின் அரக்குச் சிவப்புச் சேலை திரும்பி வந்துவிட்டதாகச் செய்தி அனுப்பினார்.

நிறம் மறைவதற்கு மற்றொரு காரணமும் உண்டு. நம் நாட்டு முறை 'பால்' எனப்படுவது. பசும்பாலுக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஓர் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகள் சேர்ந்து அவ்வாறு ஒலிக்கின்றன. அமெரிக்காவிலும் ஜப்பானிலும் வழங்கிய முறை என்.டி.எஸ்.சி.; அதில் 525 கோடுகள், செகண்டுக்கு ஏறத்தாழ 60 அரைப்படங்கள், நிறத்தின் துணையலை 3.58 மெகாஹெர்ட்ஸ். அமெரிக்காவிலிருந்து உறவினர் அனுப்பிய காசெட்டை இங்குள்ள ரிக்கார்டரில் போட்டால் படம் உருள்வதும், நிறமின்றி வருவதும் இதனால்தான். டெலிவிஷனின் நிறமுறையைத் 'தானியங்கி' என்று விடாமல், கையால் மாற்றிப் பார்ப்பது பயன் தரும். மஞ்சள் துளையே இல்லாத புதிய பெட்டிகளுக்காகக் கடைகளில் விற்கும் எச்.டி.எம்.ஐ. மாற்றிகளிலும் இதே கவனம் வேண்டும். 50 அரைப்படங்களை 60 ஆக்கி அனுப்பும் மாற்றியில், நடப்பவர் விட்டுவிட்டு நடப்பார். சில மாற்றிகளில் முறையைத் தேர்ந்தெடுக்க ஒரு சிறு சுவிட்சு உண்டு; பலர் அதனைத் தொட்டுப் பார்ப்பதேயில்லை.

கம்பியைப் பற்றியும் சொல்லவேண்டும். வீடியோ அலையின் உயரம் ஒரு வோல்ட்டு. அது 75 ஓம் தடையில் சென்று முடிவதற்கென்றே வகுக்கப்பட்டது. ஒரே கம்பியை ஒரு கிளைச்செருகியால் இரண்டாகப் பிரித்து இரண்டு டெலிவிஷன்களுக்குக் கொடுத்தால், ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது மூன்றில் இரண்டு பங்கே. படம் இருண்டுபோகும், அத்துடன் கோடுகளை வரிசைப்படுத்தும் ஒத்திசைவுத் துடிப்பும் குறைந்து, ஏற்கனவே ஆடும் படம் இன்னும் ஆடும். ஆதலின் கிளை வேண்டாம். பொன்முலாம் பூசிய விலையுயர்ந்த கம்பிகளும் வேண்டாம். ஒன்றரை மீட்டர் நீளத்தில் அவற்றால் ஆகும் நன்மை கடைக்காரருக்கே. ஆனால் நான்கு பிரிவுள்ள சிறு குச்சியாக ஒரு முனையும், மஞ்சள், வெள்ளை, சிவப்புச் செருகிகள் மறுமுனையும் கொண்ட கம்பியில் ஏமாந்துவிடாதீர்கள். குச்சியில் எப்பிரிவு படத்திற்கு, எப்பிரிவு தரைக்கு என்பதில் எல்லாக் கம்பெனிகளும் ஒரே வழக்கத்தைப் பின்பற்றவில்லை. படம் வராமல் பேரிரைச்சல் மட்டும் கேட்டால், மஞ்சளை விடுத்துச் சிவப்புச் செருகியைப் படத்திற்குரிய இடத்தில் வைத்துப் பாருங்கள். சில கம்பிகளில் படம் அதன் வழியாகத்தான் வரும்.

அகலமான மங்கற்பட்டை ஒன்று கீழிருந்து மேலாகவோ மேலிருந்து கீழாகவோ மிக மெதுவாக ஊர்ந்தால், அது வீட்டு மின்சாரத்தின் கைவேலை. மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அரைப்படங்களும் 50. இரண்டும் ஏறக்குறைய ஒன்றாயிருப்பதாலேயே பட்டை நகர்வதற்குச் சோம்புகின்றது. கேபிள் டி.வி. வயர் ஒரு தரையையும், ரிக்கார்டர் மற்றொரு தரையையும் கொண்டுவந்து டெலிவிஷனில் சந்திக்கும்போது, இவற்றினிடையே சிறு மின்னோட்டம் பாய்வதுண்டு. கேபிள் வயரைக் கழற்றிப் பாருங்கள்; பட்டை மறைந்தால் காரணம் அதுவே. மின்செருகியின் தரைக்காலை ஒடித்து இதைத் தீர்க்க முயல்வோரும் இருக்கிறார்கள். உயிருக்கே ஆபத்தான வேலை அது. எந்தப் படத்திற்காகவும் அதைச் செய்யாதீர்கள்.

மஞ்சள் துளை இல்லாத பழைய டெலிவிஷனுக்கு ஆன்டெனாத் துளை வழியாகத்தான் படத்தைக் கொடுக்கவேண்டும். அப்போது ரிக்கார்டர் ஒரு சிறிய ஒளிபரப்பு நிலையமாகவே இயங்குகின்றது. டெலிவிஷனில் அதன் அலைவரிசையை நுணுக்கமாகத் தேடிப் பிடிக்காவிடில் பனித்துளி போன்ற புள்ளிகள் எங்கும் தோன்றும். இருவகை இணைப்பும் இருக்குமானால் மஞ்சள் வழியையே கொள்க.

சோதனைகளின் முடிவில் குறை நாடாவிலோ தலையிலோதான் என்று தெரிந்தால் என்ன செய்வது? புள்ளிகள் நிறைந்த ஒரு கிடைப்பட்டை மட்டும் தெரிந்து, மற்ற இடம் நன்றாக இருந்தால், தலை தன் கோட்டின்மேல் செல்லாமல் அடுத்த கோட்டில் கால் வைக்கின்றது என்று பொருள். நாடாவின் ஓரத்தில் கோடுகளின் இடத்தைக் காட்டும் துடிப்புகள் பதிவாகியிருக்கின்றன. அவற்றை ஒட்டித் தலையும் கோடும் சந்திக்கும் நேரத்தை முன்பின்னாக மாற்றும் அமைப்பே 'டிராக்கிங்'. நாடாவைப் பதிந்த கருவி வேறு, ஓட்டும் கருவி வேறு ஆகையால், இச்சிறு சரிக்கட்டல் பெரும்பாலும் தேவைப்படும். பொறுமையாக, ஒவ்வோர் அசைவுக்கும் சில செகண்டுகள் காத்திருந்து, பட்டை திரைக்கு வெளியே போகும்வரை திருத்தவேண்டும். திரையின் அடிவிளிம்பில் எஞ்சி நிற்கும் சில கோடுகளின் கலைசல் குறையே அன்று. ஒரு தலை விலகி மறுதலை தொடங்கும் இடம் அது. பழைய பெட்டிகளில் அது சட்டத்துக்குப் பின்னால் மறைந்திருந்தது. புதிய பெட்டி உள்ளதை எல்லாம் காட்டிவிடுகின்றது. படத்தின் உச்சி மட்டும் கொடிபோல் ஒருபுறம் வளைந்தால், அது நாடாவின் இழுவிசை மாறுபாடு. நேரத்தைத் திருத்தித் தரும் கருவி ஒன்றை இடையில் வைத்தால் அது நேராகும். சில டி.வி.டி. ரிக்கார்டர்கள் தம் வழியாகப் படத்தை வெறுமே செலுத்தும்போதே இவ்வுதவியை ஓரளவு செய்கின்றன. நீலத்திரைக்கும் இதுவே மருந்து. ஆனால் கடையில் வாங்கிய சினிமாக் காசெட்டை அவ்வாறு செலுத்தினால், வெளிச்சம் கூடியும் குறைந்தும் அலைக்கழியக்கூடும். நகலெடுப்பதைத் தடுக்க அந்த நாடாவிலேயே வைத்த பூட்டு அது, கருவியின் கோளாறன்று.

திரை முழுவதும் பனிமூட்டமாகி, ஒலி மட்டும் நன்றாகக் கேட்டால், தலைகளில் அழுக்கு அடைத்திருக்கின்றது எனலாம். சாதாரண வகை ஒலியை வேறொரு நிலையான தலை படிப்பதால் அது தப்பிவிடுகின்றது. தலைகளைத் துடைப்பது பழக்கமுள்ளவர் செய்யவேண்டிய வேலை. மின்தொடர்பை எடுத்துவிட்டு, ஐசோபுரொபைல் ஆல்கஹால் தோய்த்த மெல்லிய தோல்துண்டை உருளையின்மீது அசையாமல் வைத்துக்கொண்டு, உருளையைக் கையால் மெல்லச் சுழற்றவேண்டும். மேலும் கீழுமாகத் தேய்த்தால் தலையின் நுனி ஒடிந்துவிடும். பஞ்சுக்குச்சி கூடாது, அதன் இழை தலையில் சிக்கிக்கொள்ளும்.

இங்கொன்று வற்புறுத்திச் சொல்லவேண்டும். காசெட்டை ரிக்கார்டருக்குள் தள்ளுமுன், அதன் கண்ணாடிச் சாளரத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கறுத்துப் பளபளக்கும் நாடாச் சுருளின்மேல் வெண்பொடியோ, சிலந்தி நூல் போன்ற இழைகளோ படர்ந்திருந்தால், அது பூஞ்சை. சென்னை போன்ற கடலோரங்களின் ஈரக்காற்று அதற்கு ஏற்றது. அந்நாடாவை ஓட்டினால் ஒட்டிக்கொண்ட சுருள்கள் கிழியும். பூஞ்சை தலைகளில் ஏறி, அடுத்துப் போடும் நல்ல காசெட்டிலும் பரவும். அதனைத் தனியாக ஒரு பையில் கட்டி வைத்து, நாடாவைத் துப்புரவு செய்யத் தெரிந்தவரிடம் கொடுப்பதே வழி. குளிரூட்டிய அறையில் இருந்த காசெட்டை வெளியே எடுத்தவுடன் ஓட்டுவதும் தகாது. குளிர்ந்த தம்ளரின்மேல் நீர் அரும்புவதுபோல நாடாவின்மேலும் அரும்பும். சில மணி நேரம் அறையின் சூட்டுக்கு வரவிட வேண்டும். காசெட்டின் முதுகுப் பக்கத்திலுள்ள சிறு பிளாஸ்டிக் தாவலை ஒடித்துவிட்டால், கை தவறிப் பதிவுப் பொத்தானை அழுத்தினாலும் பழைய படம் அழியாது.

இவ்வளவும் செய்தபின் கிடைக்கும் படம் எவ்வளவு தெளிவாக இருக்கும்? மிகுதியாக எதிர்பார்ப்பது நியாயமன்று. ஒளிபரப்பில் சுமார் 5 மெகாஹெர்ட்ஸ் அகலம் பெறும் வெளிச்ச விவரம், வி.எச்.எஸ். நாடாவில் 3 அளவுக்குச் சுருங்கிவிடுகின்றது. நிறமோ அதனினும் வெகு குறைவு. மணப்பெண்ணின் நெற்றியில் குங்குமம் சற்று வலப்புறம் வழிந்தாற்போல் தெரிவது அதனாலேயே. அதனை எந்தக் கம்பியும் மாற்றித் தராது. டெலிவிஷனில் 'கூர்மை' என்றிருக்கும் அளவை ஏற்றி இதைச் சரிசெய்யப் பார்ப்பவர்கள் புள்ளிகளைத்தான் கூர்மையாக்குகிறார்கள். நான் அதனைப் பெரும்பாலும் அடிமட்டத்திற்கே இறக்கிவிடுவேன். படத்தை அகலத்திரை முழுவதும் இழுத்து நிரப்பும் வழக்கத்தையும் விட்டு, நான்குக்கு மூன்று என்ற பழைய வடிவத்தையே தேர்ந்தால், தாத்தா தம் உண்மையான உடல்வாகோடு தோன்றுவார்.

படம் சீராக நின்றுவிட்டது என்று கண்டதும், சோதனைக் காசெட்டை எடுத்துவிட்டுக் குடும்பக் காசெட்டைப் போடுமுன், ரிக்கார்டரின் படத்தைக் கம்ப்யூட்டரில் எண்வடிவில் சேமிக்கும் கருவியையும் இணைத்து ஆயத்தமாக வைத்துக்கொள்ளுங்கள். பழைய நாடா முதல் ஓட்டத்திலேயே காந்தப் பூச்சை இழக்கத் தொடங்கலாம். திரையில் வெண்கீற்றுகளாக மின்னி மறைபவை அப்பூச்சு உதிர்ந்த இடங்களே. ஆதலின் வீட்டார் அனைவரும் கூடி உட்கார்ந்து பார்க்கும் அந்த முதல் ஓட்டத்தின்போதே சேமிப்பும் நடந்துகொண்டிருக்கட்டும்.